கரும்புச் சாறு, பாகு, சர்க்கரை, வெல்லம்: மாவுச்சத்தை அளக்கும் முறை

காரைக்குடியில் வேதியியல் படித்துவிட்டுச் சர்க்கரை ஆலை ஆய்வகங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் சிலராவது எங்கள் வீட்டு முகப்பில் வந்து அமர்ந்து, ஆலை வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சாற்றில் கரைந்த திடப்பொருளின் விழுக்காடான பிரிக்ஸ் பார்ப்பதையும், சர்க்கரையின் அளவைக் காட்டும் ‘போல்’ பார்ப்பதையும் கல்லூரியிலோ ஆலையிலோ எவராவது கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். சாற்றிலுள்ள மாவுச்சத்தை அளக்கும் முறையை மட்டும் ஒரு பழைய தாளில் எழுதி ஒட்டிவைத்து, அதன்படி செய்யச் சொல்லிவிடுகிறார்கள்; ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆலை ஆய்வகத்தில் நின்றவன் என்ற முறையில், அந்தத் தாளில் இல்லாதவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கரும்பு தன் சர்க்கரையைத் தண்டில் சேமித்துக்கொள்கிறது என்றாலும், கொழுந்தாடையிலும் இலையிலும் கணுக்களிலும் ஓரளவு மாவுச்சத்தையும் நுண்ணிய மணிகளாக வைத்திருக்கிறது. இந்த மணிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறியவை. முற்றாத கரும்பை வெட்டினாலோ, கொழுந்தாடையைத் தாழ வெட்டி நீக்காமலும் சோகையைக் கழிக்காமலும் வண்டியில் ஏற்றினாலோ, அரவையில் அதிக மாவுச்சத்து சாற்றோடு வந்துவிடுகிறது. நம் பக்கத்தில் பரவலாகப் பயிராகும் கோ 86032 போன்ற ஒரே ரகத்தில்கூட, முற்றிய கரும்புக்கும் முற்றாததற்கும் இந்த அளவு வேறுபடும். சாறு சூடேறும்போது மணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைந்து, மாவுச்சத்து சாற்றில் கரைகிறது. பிறகு அது, நீர் வற்றிக் கெட்டியான சாறான சிரப்போடு, படிகமாக்கும் கொப்பரையான பேனுக்குப் போய்ப் பாகின் பிசுபிசுப்பைக் கூட்டுகிறது, படிகம் வளரும் வேகத்தைக் குறைக்கிறது, கச்சாச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும் இடத்தில் வடிகட்டியை அடைக்கிறது. இதைக் குறைக்க ஆலைகள் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியை, சாற்றின் நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் பகுதியில் சேர்க்கின்றன. அந்த நொதிக்குச் செலவு உண்டு. எவ்வளவு சேர்க்க வேண்டும், சேர்த்தது வேலை செய்ததா என்பதை ஆய்வகம் தரும் எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆகவே இந்த எண் தவறினால் நட்டம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை.

முதலில் ஒரு சிறிய சோதனை

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்று வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு. இரண்டு சோதனைக் குழாய்களில் அப்போது பிழிந்த சாற்றைச் சிறிதளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றொன்றைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் நிறுத்தி நன்றாக ஆற விடுங்கள். பிறகு இரண்டிலும் அயோடின் கரைசலைச் சொட்டு சொட்டாக, நிறம் நிலைக்கும்வரை விடுங்கள். காய்ச்சாத குழாயில் சாறு பழுப்பு மஞ்சளாகவே இருக்கும். சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் கறுத்த தூள்போல ஏதோ படிவது தெரியும். காய்ச்சி ஆற்றிய குழாயோ முழுவதும் நீலம் பாரித்துவிடும். இரண்டும் ஒரே கரும்பின் சாறுதான், இரண்டிலும் இருப்பது ஒரே அளவு மாவுச்சத்துதான்.

இந்தச் சோதனை காட்டுகிற ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிது. அயோடின் முறையில் கருவி அளப்பது கரைந்த மாவுச்சத்தை மட்டுமே. மணியாகக் கிடப்பதை அது சரியாகக் காண்பதில்லை. ஆகவே மாதிரியை எப்படிக் கரைத்தோம் என்பதைச் சொல்லாமல் தருகிற மாவுச்சத்து அளவுக்குப் பொருள் கிடையாது. மொத்த மாவுச்சத்து வேண்டுமா, ஏற்கெனவே கரைந்திருப்பது மட்டும் வேண்டுமா என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே தீர்மானித்து, பதிவேட்டில் எண்ணுக்கு அருகிலேயே எழுதிவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், ஒரு பருவத்தில், அரவையிலிருந்து வரும் கலப்புச் சாற்றில் இருந்ததைவிடச் சிரப்பில் மாவுச்சத்து இரண்டு மடங்காகத் தெரிந்தது. இரண்டும் பிரிக்ஸ் அடிப்படையில் கணக்கிட்டவை என்பதால், நீர் ஆவியானதைக் காரணம் காட்ட முடியாது. எவாப்பரேட்டரில் மாவுச்சத்து உண்டாக வழியே இல்லை. ஆனாலும் நொதியின் அளவைக் கூட்டினார்கள், கரும்புப் பிரிவின் மீது பழி போட்டார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. சாற்று மாதிரியில் மிதந்த சக்கைத் துகள் கருவியில் தொல்லை கொடுக்கிறது என்று, அதைக் காய்ச்சுவதற்கு முன்பே வடிதாளில் வடிகட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். மாவுச்சத்து மணிகள் முழுவதும் அந்த வடிதாளில் தங்கிக் குப்பைக் கூடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அன்றிலிருந்து காய்ச்சாத சாற்றுக்கு அருகில் வடிதாளை நான் கொண்டுபோவதில்லை.

தேவையான கரைசல்கள்

மாவுச்சத்து அயோடினோடு சேர்ந்தால் நீல நிறம் கொள்ளும் என்பது 1814 முதல் அறியப்பட்டது. மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்ற நீள் சங்கிலி சுருள்வில்போல வளைந்து, அந்தச் சுருளுக்குள் அயோடினை வாங்கிக்கொள்வதால்தான் இந்த நிறம் தோன்றுகிறது. அயோடினை நேரடியாகக் கரைத்து வைத்தால் அது ஆவியாகி நாளுக்கு நாள் வலிமை குறையும் என்பதால், வேண்டிய நேரத்தில் குடுவைக்குள்ளேயே அதை உண்டாக்கிக்கொள்கிறோம். அமிலத்தில் பொட்டாசியம் அயோடேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்தால் அயோடின் வெளிவரும். அயோடேட்டின் அளவு திட்டமாக இருந்தால், அயோடினின் அளவும் ஒவ்வொரு குடுவையிலும் ஒன்றுபோலவே இருக்கும். 1897-இல் தொடங்கிய இக்கும்சா என்ற பன்னாட்டுச் சர்க்கரைப் பகுப்பாய்வு அமைப்பின் முறைகளும், ஆலைகளில் வழங்கும் பிற முறைகளும் பெரும்பாலும் இந்த அடிப்படையில் அமைந்தவையே. கீழே சொல்லும் அளவுகள் நான் கையாண்டு பழகியவை. ஏற்றுமதிக்கோ வழக்குக்கோ சான்றிதழ் தருவதானால், ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட முறையின் மூலத்தை வாங்கி, அதன்படி எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டும்.

அயோடேட் கரைசலுக்கு, 110 பாகை வெப்பத்தில் உலர்த்திய பொட்டாசியம் அயோடேட்டை 0.357 கிராம் நிறுத்து, கழுத்தில் அளவுக் கோடிட்ட ஒரு லிட்டர் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் கரைத்து நிரப்ப வேண்டும். இது நீண்ட நாள் கெடாது. அசிட்டிக் அமிலத்துக்கு, கிளேசியல் அமிலத்தில் 115 மில்லிலிட்டரைப் புகைப்பெட்டிக்குள் வைத்து நீரில் ஊற்றி, ஒரு லிட்டருக்கு நிரப்பிக்கொள்ளலாம். அயோடைடு மட்டும் அன்றன்றைக்கே தயாரிக்க வேண்டியது: 10 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்துப் பழுப்புப் புட்டியில் வைத்து, மாலையில் கொட்டிவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்க்கும்போது அது வெளிறிய மஞ்சளாக இருந்தால், காற்றும் வெளிச்சமும் பட்டு அயோடின் ஏற்கெனவே வெளிவந்துவிட்டது என்று பொருள். அந்தக் கரைசலை வைத்து எடுத்த பிளாங்க் (நீலம் தோன்றாதபடி, ஒப்பிட்டுக் கழிப்பதற்காக வைக்கும் குடுவை) பிளாங்க்காக இருக்காது.

ஸ்டாண்டர்டு கிராஃப்

தெரிந்த அளவு மாவுச்சத்து தரும் நிறத்தை அளந்து வரைந்து வைப்பதே இந்தக் கிராஃப்; மாதிரியின் நிறத்தை இதோடுதான் ஒப்பிடுகிறோம். ஆய்வகத்தில் கிடைக்கும் கரையும் மாவுச்சத்து பெரும்பாலும் உருளைக்கிழங்கிலிருந்து எடுத்தது. அதன் ஈரப்பதத்தைத் தனியே உலர்த்திப் பார்த்து, உலர் எடையில் ஒரு கிராம் வருமாறு நிறுத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் குழைத்து, ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் கொதிநீரில் கிளறிக்கொண்டே ஊற்றி, தெளியும்வரை சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் ஒரு லிட்டருக்கு நிரப்ப வேண்டும். ஆடிக்கூழுக்கு மாவு கரைக்கிற பக்குவம்தான் இது. நேரே கொதிநீரில் மாவைக் கொட்டினால் கூழானாலும் கரைசலானாலும் கட்டி தட்டும், உள்ளே வேகாத மாவு நிற்கும். இந்தக் கரைசலில் 50 மில்லிலிட்டரை 500-க்கு நிரப்பினால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட வேலைக் கரைசல் கிடைக்கும். இதையும் அன்றைக்கே பயன்படுத்தி முடிக்க வேண்டும். ஆறிக் கிடக்கும் மாவுச்சத்தின் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதால், அடுத்த நாள் அதே கரைசல் குறைவான நிறத்தையே தரும்.

ஏழு 25 மில்லிலிட்டர் ஃபிளாஸ்க்குகளில் வேலைக் கரைசலை முறையே 0, 1, 2, 4, 6, 8, 10 மில்லிலிட்டர் விடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசலை 5 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். சர்க்கரையின் அடர்வும் நிறத்தைப் பாதிக்கும் என்பதால், மாதிரியில் இருப்பது போன்ற சூழலை இங்கேயும் உண்டாக்குகிறோம். இந்தச் சர்க்கரை மாவுச்சத்து இல்லாத சுத்திகரித்த சர்க்கரையாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிறகு ஃபிளாஸ்க் ஒவ்வொன்றிலும் அசிட்டிக் அமிலம் 2.5 மில்லிலிட்டர், அயோடைடு 0.5 மில்லிலிட்டர், நன்றாகக் கலக்கிய பின் அயோடேட் 5 மில்லிலிட்டர் என்ற வரிசையில் விட்டு, நீரால் நிரப்பிக் குலுக்கி, நிறத்தின் அடர்வை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 600 நானோமீட்டரில் அளக்க வேண்டும். ஃபிளாஸ்க்குகளில் இப்போது லிட்டருக்குச் சுழியிலிருந்து 40 மில்லிகிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. சில முறைகள் 700 நானோமீட்டரில் அளக்கச் சொல்கின்றன. அதுவும் சரியே, ஆனால் அந்த எண்ணையும் இந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பேசக் கூடாது. மாவுச்சத்துப் புட்டியை மாற்றினால் கிராஃபையும் புதிதாக எடுக்க வேண்டும். அமைலோஸின் பங்கு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், புட்டியின் பெயரையும் தொகுதி எண்ணையும் கிராஃபின் மேலேயே எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

சாற்றை எடுப்பதும் காய்ச்சுவதும்

என் கணக்கில் மொத்த வேலையின் பாதிச் சரியும் பாதித் தவறும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

பிழிந்த சாற்றில் கரும்புக்கே உரிய அமைலேஸ் நொதி இருக்கிறது. அறை வெப்பத்தில் அது மெதுவாகவும், சாறு இளஞ்சூட்டைத் தாண்டி ஏறும்போது வேகமாகவும் மாவுச்சத்தை உடைக்கும். கொதிநிலையில் அதுவே அழிந்துபோகும். ஆகவே மாதிரியைப் பீக்கரில் வைத்து நிதானமாகச் சூடேற்றினால், அந்த இடைப்பட்ட வெப்பத்தில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் நாம் அளக்கவேண்டிய பொருளை நாமே அழிய விடுகிறோம். இதைத் தவிர்க்க நான் கைக்கொள்ளும் வழி இது. 250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையில் 60 மில்லிலிட்டர் நீரை விட்டு, கொதிக்கும் நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளிருக்கும் நீரும் நன்றாகச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். சாற்றைப் பெரிய சக்கைத் துகளை மட்டும் பிடிக்கும் கம்பிச் சல்லடையில் ஒருமுறை விட்டு, அடியில் மணி தங்காதபடி பாத்திரத்தை நன்றாகக் கலக்கி, கலக்கிய கையோடு 20 கிராமை ஒரு சிறு பீக்கரில் நிறுத்து, அந்தச் சூடான நீருக்குள் ஒரே வீச்சில் ஊற்றிவிட வேண்டும். பீக்கரைக் கொஞ்சம் வெந்நீரால் அலசி அதையும் உள்ளே விடுங்கள். சாறு சில விநாடிகளிலேயே ஆபத்தான இடைவெளியைக் கடந்துவிடும். பிறகு அவ்வப்போது சுழற்றிக்கொண்டு, 15 நிமிடம் கொதிநீரில் வைத்திருக்க வேண்டும்.

நிறுப்பதற்கு முன் கலக்குவதை ஏதோ சடங்காக நினைத்துவிடக் கூடாது. சாற்றை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு மேலிருந்து பிப்பெட்டில் எடுத்தால், மணிகள் அடியில் தங்கி எண் குறையும். அடியிலிருந்து எடுத்தால் கூடும். சாறு வந்த ஒரு மணி நேரத்துக்குள் காய்ச்ச முடியாவிட்டால், பனிக்கட்டியில் வைத்துக் குளிர்ச்சியாக்குங்கள்.

காய்ச்சிய பின் குழாய்த் தண்ணீரில் குடுவையைச் சுழற்றி அறை வெப்பத்துக்கு ஆற்றி, 100 மில்லிலிட்டர் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்குக்கு மாற்றி, கூம்புக் குடுவையை இரண்டு மூன்று முறை அலசி ஊற்றி, கோட்டுக்கு நிரப்ப வேண்டும். இப்போது வடிகட்டலாம், மாவுச்சத்து கரைந்துவிட்டது. வேகமாக வடியும் தாளில், வடிகட்டலுக்கு உதவும் தூளான கீசல்கரில் ஒரு சிட்டிகை சேர்த்து வடித்து, முதலில் வருகிற 10 மில்லிலிட்டரை விட்டுவிட்டுப் பின்வருவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறிய கரைசலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடக் கூடாது. மாவுச்சத்து மறுபடி இறுகும் என்று மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

அழுக்கு நீக்கிய தெளிசாறும் சிரப்பும் ஏற்கெனவே சூடேறி வந்தவை என்பதால் அவற்றில் பெரும்பகுதி கரைந்தே இருக்கும்; ஆனாலும் அதே 15 நிமிடக் காய்ச்சலைக் கொடுத்துவிட்டால் ஒப்பிடுவதற்குச் சிக்கல் இல்லை. சிரப்பில் 5 கிராமும் சர்க்கரையில் 20 கிராமும் எடுத்து 100 மில்லிலிட்டருக்கு நிரப்பினால் போதும். நொதி சேர்த்த பிறகு எடுக்கும் சிரப்புக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஆலைகள் வாங்கும் நொதிகளில் சில கொதிநிலையையும் ஓரளவு தாங்குபவை. மாதிரிப் புட்டி சூடாக மேசை மேல் இருக்கும் நேரம் முழுவதும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும். ஆலையில் உடையாத மாவுச்சத்து புட்டிக்குள் உடைந்துவிட்டு, நொதி அருமையாக வேலை செய்கிறது என்ற பொய்யான நற்செய்தியை நமக்குத் தரும். அந்த மாதிரியை எடுத்த இடத்திலேயே பனிக்கட்டிக்குள் இறக்கி, ஆய்வகத்துக்கு வந்ததும் தாமதமின்றி அளக்க வேண்டும்.

நிறம் பார்க்கும் நேரம்

வடித்த கரைசலில் 15 மில்லிலிட்டரை இரண்டு 25 மில்லிலிட்டர் ஃபிளாஸ்க்குகளில் விடுங்கள். இரண்டிலும் அமிலமும் அயோடைடும் முன்சொன்ன அளவில் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் அயோடேட் 5 மில்லிலிட்டர் விட்டு, மற்றொன்றில் அதற்குப் பதிலாக நீர் விட்டு, இரண்டையும் நிரப்புங்கள். அயோடேட் இல்லாததே மாதிரியின் பிளாங்க். கரும்புச் சாறும் பாகும் தம்மளவில் பழுப்பு நிறம் கொண்டவை, சற்றுக் கலங்கியவையும்கூட. அந்த நிறத்தைக் கழிக்காவிட்டால் அதையும் மாவுச்சத்து என்றே எண்ணிவிடுவோம். வெறும் நீரை பிளாங்க்காக வைத்துப் பழுப்புச் சிரப்பை அளந்த பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் எண்களை எதற்கும் பயன்படுத்த முடியாது.

வெப்பம் இங்கே பெரிய எதிரி. நீல நிறம் கொண்ட குழாய் ஒன்றைச் சூடாக்கிப் பாருங்கள்: நிறம் கண்ணெதிரே வெளிறி மறையும், ஆற ஆறத் திரும்பி வரும். சித்திரை வெயிலில் நம் பக்கத்து ஆய்வக அறை காலையில் ஒரு வெப்பத்திலும் மதியத்தில் வேறொரு வெப்பத்திலும் இருக்கும். காலையில் எடுத்த கிராஃபை வைத்து மதியம் மாதிரி பார்த்தால் எண் குறைந்துதான் வரும். பழைய செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ளறைகளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எனக்குக் கிடைத்த வசதி. ஆலையின் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்பவர்கள் ஃபிளாஸ்க்குகளை 25 பாகை நீர்த்தொட்டியில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்து அளப்பதே பாதுகாப்பு. ஸ்டாண்டர்டுக்கும் மாதிரிக்கும் அயோடேட் விட்டதிலிருந்து அளக்கும்வரை ஒரே இடைவெளி இருக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை நம் நாட்டு ஆலைகளுக்கே உரியது. நாம் வெள்ளைச் சர்க்கரையைப் பெரும்பாலும் கந்தகப் புகை விட்டுத் தெளிவித்துத் தயாரிப்பதால், தெளிசாற்றிலும் சிரப்பிலும் சல்ஃபர் டை ஆக்சைடு எஞ்சி நிற்கிறது. அது அயோடினை அயோடைடாக மாற்றிவிடும்; மாவுச்சத்தோடு சேர வேண்டிய அயோடின் வேறிடத்தில் செலவாகிவிடும். நீலம் தோன்றி உடனே வெளிறினாலோ, தோன்றவே தாமதித்தாலோ, இதுவே காரணம் என்று ஐயப்படுங்கள். அந்த நேரத்தில் மாதிரியைப் பாதியாகக் குறைத்து, அயோடேட்டை 10 மில்லிலிட்டராகக் கூட்டிப் பாருங்கள். கணக்கில் கிடைக்கும் மாவுச்சத்து முன்னதைவிட உயர்ந்தால், முதல் எண்ணில் அயோடின் போதவில்லை என்பது உறுதி. அப்படியானால் ஸ்டாண்டர்டுகளையும் (25-ஐத் தாண்டாதபடி வேலைக் கரைசல் 6 மில்லிலிட்டர் வரை மட்டும்) அதே 10 மில்லிலிட்டர் அயோடேட்டோடு எடுத்து, அந்த ஆலையின் சிரப்புக்கென்று தனிக் கிராஃப் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு

மாதிரியின் அளவீட்டிலிருந்து அதன் பிளாங்க்கைக் கழித்து, மீதியைக் கிராஃபில் வைத்து, ஃபிளாஸ்க்கில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக அது 11 என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஸ்க்கின் கொள்ளளவு 25 மில்லிலிட்டர் என்பதால், அதில் இருக்கும் மாவுச்சத்து 0.275 மில்லிகிராம். சாற்றின் பிரிக்ஸ் 16 என்றால், நாம் எடுத்த 20 கிராம் சாற்றில் திடப்பொருள் 3.2 கிராம், அதை 100-க்கு நிரப்பி 15 மில்லிலிட்டர் எடுத்ததால், ஃபிளாஸ்க்குக்குள் போனது 0.48 கிராம். 0.275-ஐ 0.48-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், பிரிக்ஸ் அடிப்படையில் கிலோவுக்கு ஏறத்தாழ 573 மில்லிகிராம் என்று கிடைக்கும். சாற்றையும் சிரப்பையும் சர்க்கரையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க இந்த அடிப்படை ஒன்றே உதவும். சர்க்கரைக்கு அளக்கும்போது ஃபிளாஸ்க்கில் 3 கிராம் சர்க்கரை இருக்கும் என்பதால், ஸ்டாண்டர்டு கிராஃபையும் 20 விழுக்காட்டுக் கரைசலுக்குப் பதில் 60 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசல் 5 மில்லிலிட்டர் சேர்த்துத் தனியே எடுங்கள்.

ஒவ்வொரு மாதிரியையும் இரட்டையாகச் செய்வது கட்டாயம். வாரம் ஒருமுறையாவது, அளந்து முடித்த ஒரு மாதிரியோடு தெரிந்த அளவு மாவுச்சத்தைச் சேர்த்து மறுபடி அளந்து, சேர்த்தது திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சேர்த்ததில் பத்தில் ஒன்பது பங்குகூடக் கிடைக்காவிட்டால், கிராஃப் எவ்வளவு அழகான நேர்கோடாக இருந்தாலும் எங்கோ பிழை இருக்கிறது.

அடர்ந்த பாகும் கழிவுப்பாகும்

கழிவுப்பாகான மொலாசஸின் கருநிறத்தில் இந்த முறை நேரடியாகச் செல்லாது. 5 கிராமை 20 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து, ஒரு கிராம் கீசல்கர் சேர்த்து, 100 மில்லிலிட்டர் எத்தனாலைக் கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றினால், மாவுச்சத்து பிரிந்து கீசல்கரோடு படியும்; நிறமும் சர்க்கரையும் பெரும்பாலும் கரைசலில் நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து வடித்து, 80 விழுக்காட்டு எத்தனாலால் வடிநீர் நிறமற்று வரும்வரை கழுவ வேண்டும். தாளில் தங்கியதை, சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்த 40 விழுக்காட்டுக் கால்சியம் குளோரைடு கரைசல் 40 மில்லிலிட்டரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டால் மாவுச்சத்து கரையும். தண்ணீரைவிட உயர்ந்த வெப்பத்தில் கொதிக்கும் இந்தக் கரைசல் கையில் தெறித்தால் புண் ஆழமாகும் என்பதால், கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதைத் தொடக் கூடாது. பிறகு ஆற்றி, 100-க்கு நிரப்பி, வடித்து, முன்போலவே நிறம் பார்க்கலாம். ஸ்டாண்டர்டுகளிலும் அதே அளவு கால்சியம் குளோரைடு இருக்க வேண்டும். எத்தனால் படிய வைப்பது மாவுச்சத்தை மட்டுமன்று, தேங்கிய கரும்பில் கிருமிகள் உண்டாக்கும் டெக்ஸ்ட்ரானையும் சேர்த்துத்தான். ஆனால் டெக்ஸ்ட்ரான் அயோடினோடு நீலம் தராது என்பதால், நம் எண்ணில் அது கலப்பதில்லை.

வேலை முடிந்த நீல நீரை அப்படியே தொட்டியில் கொட்டாமல், சிறிது ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) விட்டு நிறம் போக்கிய பின் ஊற்றுங்கள்.

வெல்லம்

எங்கள் தெருவில் இதே சோதனைக்காக என்னைத் தேடி வருபவர்கள் வெல்லத்தோடு வருகிறார்கள். தீபாவளிக்கு முன்பு பக்கத்து வளவு ஆச்சி ஒருவர் ஓர் உருண்டை மண்டை வெல்லத்தைத் தாளில் பொதிந்து கொண்டுவந்து, “தம்பி, அதிரசத்துக்குப் பாகு வைத்தால் பதமே நிற்க மாட்டேன் என்கிறது. மாவைக் கலந்து விற்றுவிட்டானா பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டார். வீட்டிலேயே டிங்சர் அயோடினைச் சொட்டிப் பார்த்து நீலம் வந்ததால் அந்த ஐயம் அவருக்கு உறுதியாகியிருந்தது.

நீலம் வந்தாலே கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. கரும்பிலுள்ள மாவுச்சத்து கொப்பரையில் காய்ந்து கரைந்து வெல்லத்திலேயே தங்குவதால், கலப்படமில்லாத வெல்லமும் நீலம் காட்டும். எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு விழுக்காடு மாவு கலந்திருந்தாலும் அதன் மாவுச்சத்து கிலோவுக்குப் பல ஆயிரம் மில்லிகிராமைத் தொடும். கரும்பிலிருந்து இயல்பாக வந்ததோ மில்லிகிராம்களில் நூற்றுக்கணக்கில்தான் பெரும்பாலும் நிற்பதைக் கண்டிருக்கிறேன். வெல்லத்தில் 5 கிராமைச் சாற்றுக்குச் சொன்னபடியே சூடான நீரில் போட்டு, 15 நிமிடம் காய்ச்சி 100-க்கு நிரப்பி, பிளாங்க்கோடு அளந்தால் போதும். நிறம் கிராஃபின் எல்லையைத் தாண்டினால் பத்து மடங்கு நீர்த்து மறுபடி அளக்க வேண்டும். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற கந்தக வெளுப்புப் பொருள் போட்ட வெல்லமானால், கந்தகத்தைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இங்கும் உண்டு. அழுக்கெடுக்க விடும் வெண்டைக்காய்ச் சாற்றின் கொழகொழப்பு அயோடினோடு நீலம் தருவதில்லை. பச்சை மாவைப் பிற்பாடு சேர்த்திருந்தால், வெல்லத்தைக் காய்ச்சாமல் குளிர்ந்த நீரில் கரைத்து, அடியில் படிந்ததை அயோடின் சொட்டோடு நுண்ணோக்கியில் பார்க்கலாம். உடையாத மணிகள் கருநீலமாகத் தனித்தனியே தெரியும்.

ஆச்சியின் வெல்லத்தில் கிலோவுக்கு 740 மில்லிகிராம் இருந்தது. நுண்ணோக்கியில் ஒரு மணிகூடத் தெரியவில்லை. மாவு கலக்கவில்லை என்றும், போன ஆண்டு வெல்லம் ஈரம் பட்டு அதன் சர்க்கரை உடைந்திருப்பதால்தான் பாகு பதத்துக்கு வரவில்லை என்றும் சொன்னேன். புது வெல்லம் வாங்கி, அடுத்த வெள்ளிக்கிழமை அதிரசம் சுட்டு ஒரு தூக்குச் சட்டியில் அனுப்பியிருந்தார்.